கூரையில்லாத காரும் கொங்கு வெயிலும்

கூரையைக் கழற்றிவிட்டு ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காரில், உட்காரும் குழியை மட்டும் மூடுவதற்கென்று ஒரு துணி உண்டு. வெளிநாட்டில் அதை டானோ கவர் என்கிறார்கள். ஃபிளாட் வாசலில் நிற்கும் காரைத் தலைமுதல் கால்வரை போர்த்தியிருக்குமே சாம்பல் நிற உறை, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது முன்கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டின் ஓரத்தில் தொடங்குகிறது. ஸ்டியரிங்கையும் இரண்டு சீட்டுகளையும் மூடிக்கொண்டு போய், பின்புறம் பாடித் தகட்டில் டிச் பட்டன்களோடு முடிகிறது. நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு நீள ஜிப். தனியாக ஓட்டிப் போகிறவர் தன் பாதியை மட்டும் திறந்து சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டு, பக்கத்துச் சீட்டை மூடியபடியே ஓட்டலாம்.

இந்தத் துணியை வடிவமைத்தவர்கள் மழைக்குப் பயந்தவர்கள். எம்ஜி, டிரையம்ப், ஜாகுவார் என்று பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், கறுப்பு வினைல் மூடி ஒன்று காரோடு வருவது வழக்கமாக இருந்தது. எப்போது தூறும் என்று தெரியாத ஊருக்கு அது சரி. வேடிக்கை என்னவென்றால், கோயமுத்தூரில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையும் லண்டனில் பெய்வதும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இரண்டு ஊரிலும் அறுநூறு, அறுநூற்றைம்பது மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும் கணக்கு. அங்கே அது பன்னிரண்டு மாதமும் சிணுங்கிக்கொண்டே விழுகிறது. இங்கே பெரும்பங்கு அக்டோபரிலும் நவம்பரிலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மீதி நாளெல்லாம் காரின் குழியைப் பதம் பார்ப்பது வெயில். ஆகவே இங்கிலாந்திலிருந்து ஒரு கவரை வரவழைத்து கோவையில் மாட்டுகிறவர், கேட்காத கேள்விக்குப் பதிலை விலை கொடுத்து வாங்குகிறார் என்பது என் கட்சி.

கோவைக்காரர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை 2015-ல் திறந்த கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கார் என்றாலே இந்தக் கவலையும் கூட வரும்: மோட்டார் வாகனத்தின் ஆரம்ப காலத்தில் கார் என்றாலே திறந்த கார்தான். மூடிய பாடி திறந்த பாடியை விற்பனையில் முந்தியது அமெரிக்காவிலேயே 1920-களின் நடுவில்தான். செட்டிபாளையத்தில், திறந்த ஒற்றைச் சீட்டு ரேஸ் கார்களை உள்ளூரிலேயே கட்டிக் காட்டிய எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதியும், பின்னால் வந்த எல்ஜிபி ஃபார்முலா 4-உம் ஒரு தலைமுறை ஓட்டுநர்களுக்குப் பள்ளிக்கூடம். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்றில் இறங்கிய நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். இந்தியாவிலேயே தயாரான இரண்டு சீட்டுத் திறந்த காரும் ஒன்று உண்டு: தொண்ணூறுகளின் கடைசியில் வந்த சான் ஸ்டார்ம், ஃபைபர் பாடி, ரெனோ எஞ்சின். எண்ணிக்கை கொஞ்சம்தான். ஆனால் திறந்த கார் வைத்திருப்பவர் அதைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். பார்க்காவிட்டால் சீட் வெடித்துவிடும்.

ஏன் வெடிக்கிறது? கோவை நிலநடுக்கோட்டுக்கு 11 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியை ஒட்டி ஒருமுறை, நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்கும். சாதாரணக் காருக்கு உச்சி வெயில் கூரைத் தகட்டோடு போய்விடும். சீட்டைத் தொடுவது கண்ணாடி வழியாகச் சாய்வாக வரும் வெயில்தான். திறந்த காருக்கு அந்தத் தகடு இல்லை. சீட், கியர் முனை, டேஷ்போர்டு எல்லாம் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கின்றன.

தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. கறுப்பு ரெக்சின் அதில் 950 வாட்டை விழுங்கிக்கொள்ளும். விழுங்கியதை வெளியே விட அதற்கு இரண்டு வழி: மேலே நகரும் காற்று கொண்டுபோவது, அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு வீசுவது. லேசான காற்றில் இரண்டும் சேர்ந்து, பொருள் காற்றைவிட எத்தனை டிகிரி சூடாக இருக்கிறதோ அந்த ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 20 வாட்டை எடுத்துப்போகும். 950-ஐ 20-ஆல் வகுத்தால் 47. காற்று 36 டிகிரி என்றால் ரெக்சின் 80-ஐத் தாண்டிவிடும். தொட்டால் சுடும் என்பது போய், தொடவே முடியாத சூடு. மூடிய காரிலும் நிலைமை பெரிய வித்தியாசமில்லை. அரிசோனாவில் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி, ஸ்டியரிங் 53, சீட் 51 என்று அளந்திருக்கிறார்கள்.

சூடாவது பாதிக் கதைதான். புற ஊதாக் கதிர் சத்தமில்லாமல் வேறொரு வேலை செய்கிறது. பிளாஸ்டிக், ரெக்சின், நூல் எல்லாமே நீளமான கார்பன் சங்கிலிகள். ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பை அறுக்க மோலுக்கு 350 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் வேண்டும். 340 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் சுமந்து வருவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. தரையை எட்டும் வெயிலில் இந்த அலைநீளம் தாராளமாக இருக்கிறது. ரெக்சினில் இருக்கும் பிவிசி இதில் இன்னும் பலவீனம். கதிர் பட்டதும் அது ஹைட்ரஜன் குளோரைடைக் கழற்றி விடுகிறது. மிஞ்சிய சங்கிலி மஞ்சளாகி, பழுப்பாகி, விறைக்கிறது. பிவிசியை வளையச் செய்வதற்காக எண்ணெய் போன்ற ஒரு சேர்மானத்தைக் கலந்திருப்பார்கள். அதுவும் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடும். புதுக் காரின் முன்கண்ணாடியில் உள்பக்கம் விரலை வைத்துத் தேய்த்தால் வழுவழுவென்று ஒரு படலம் வருகிறதே, அதில் ஒரு பங்கு இந்தச் சேர்மானம்தான். அது போகப் போக ரெக்சின் சுருங்கும். சுருங்கியதும் தையல் ஓரத்தில் விரிசல் விழும். வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் இந்த மாதிரி வேதிவினைகள் ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் பிடிக்கும் என்பது பழைய விதி. நம் ஊர் ஒரு கோடை, லண்டன் பல கோடைகளுக்குச் சமமாவது இப்படித்தான்.

அப்படியானால் மேலே எதையாவது போர்த்திவிட்டால் போதுமே? இங்கேதான் கறுப்புக் கவர் காலை வாரிவிடுகிறது. புற ஊதாக் கதிரை அது சுத்தமாகத் தடுத்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் தானே 80 டிகிரிக்குச் சூடேறி, சீட்டுக்கு மேல் ஒரு ரேடியேட்டராகத் தொங்கும். 80 டிகிரித் துணி கீழ்நோக்கி வீசும் வெப்பக் கதிரிலிருந்து, 45 டிகிரியில் இருக்கும் சீட் திருப்பி வீசுவதைக் கழித்தால், சதுர மீட்டருக்கு 270 வாட் அளவுக்குச் சீட்டில் போய்ச் சேரும். நேர் வெயிலில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். அதே கவர் வெளிர் நிறமாக இருந்து வெயிலில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விழுங்கினால், 52, 53 டிகிரியோடு நின்றுவிடும். அப்போது கீழே போவது 50 வாட்டைச் சுற்றித்தான். நிறம் ஒன்றே ஐந்து மடங்கு வித்தியாசம் செய்கிறது.

வெள்ளைக்கும் ஒரு குறை உண்டு. மெல்லிய வெள்ளைத் துணி ஒளியை ஊடுருவ விடும், அதோடு புற ஊதாவும் கொஞ்சம் இறங்கும். மேலே வெளிர் நிறம், கீழே ஒளி புகாத ஒரு பூச்சு என்று இரட்டை அடுக்காகத் தைத்தால் இது தீரும். அந்தக் கீழ்ப்பூச்சு அலுமினியமாக இருந்தால் இன்னும் உத்தமம். பளபளக்கும் உலோகம் அகச்சிவப்பை மிகக் குறைவாகவே வீசும் என்பதால், துணி சூடானாலும் அந்தச் சூட்டைச் சீட்டுக்கு அனுப்பாது. ஒன்று மட்டும் கவனம்: துணிக்கும் சீட்டுக்கும் நடுவே காற்று இடைவெளி வேண்டும். துணி சீட்டோடு ஒட்டிக் கிடந்தால் சூடு தொட்டே கடந்துவிடும், அலுமினியம் வேடிக்கைதான் பார்க்கும்.

சரி, வெயிலை நிறுத்தியாகிவிட்டது. மழையையும் தடுக்க வேண்டும் என்று பிளாஸ்டிக் பூசிய தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினால் அடுத்த வில்லங்கம் உள்ளேயிருந்து கிளம்பும். ஐப்பசி மழையில் கார்ப்பெட் லேசாக நனைந்திருக்கும். பகல் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகும். இரவில் மேகமில்லாவிட்டால் கவரின் மேற்பரப்பு வானத்துக்கு வெப்பத்தை வீசி, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உள்ளே இருக்கும் ஆவி அதன் அடிப்பக்கம் முத்து முத்தாகக் கோத்து சீட்டில் சொட்டும். காற்றின் ஈரப்பதம் எழுபது எண்பது சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் தோல் சீட்டில் பூஞ்சணம் பூக்க அதுவே போதும். மழைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராமலே சீட் நாறிப்போன கதை இப்படி நடப்பதுதான்.

ஆக, துளியாக வரும் நீரை உள்ளே விடக்கூடாது, ஆவியாகக் கிளம்பும் நீரை வெளியே விட வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு வேலையையும் ஒரே துணி செய்ய முடியுமா என்றால், முடியும். நீராவியின் மூலக்கூறு மழைத்துளியைவிட லட்சக்கணக்கான மடங்கு சிறியது என்பதால் நடுவில் ஒரு துவாரத்துக்கு ஏகப்பட்ட இடமிருக்கிறது. அமெரிக்காவில் பாப் கோர் 1969-ல் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்து நுண்துளைச் சவ்வாக்கியது அந்த வழி. எனக்குப் பிடித்தது அதற்கும் முந்தைய வழி. இரண்டாம் உலகப் போரில், குளிர்ந்த கடலில் விழும் பிரிட்டிஷ் விமானிகளின் உடைக்காக மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வு நிலையத்தில் வென்டைல் என்றொரு துணியை உருவாக்கினார்கள். அதில் சவ்வும் இல்லை, பிளாஸ்டிக் பூச்சும் இல்லை. நீண்ட இழைப் பருத்தியை நெருக்கி நெய்தது, அவ்வளவே. காய்ந்திருக்கும்போது நூல்களுக்கு இடையே காற்றும் ஆவியும் போய்வரும். நனைந்ததும் பருத்தி இழை உப்பி, தன் சந்துகளைத் தானே அடைத்துக்கொள்ளும்.

தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய ஊரில் இதைப் படிக்கும்போது கொஞ்சம் வயிற்றெரிச்சல் வரத்தான் செய்கிறது. அந்தத் துணிக்குத் தேவையான மிக நீண்ட இழைப் பருத்தி ரகம் சுவின் 1974-ல் உருவானது கோவையில்தான். ஜவுளி ஆராய்ச்சிக்கு சிட்ரா 1956-லிருந்து இங்கே இருக்கிறது. நீலாம்பூரில் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி தொழில்துறைத் துணிகளுக்கென்றே ஒரு மையம் நடத்துகிறது. வண்டிகளுக்குப் போகும் துணிகளை மொபில்டெக் என்று தனி வகையாகவே கணக்கு வைக்கிறார்கள். சோமனூரிலும் பல்லடத்திலும் தறி ஓடாத தெரு இல்லை. இவ்வளவும் இருக்க, திறந்த காருக்கு ஒன்றரை மீட்டர் துணியை நாம் தபாலில் வரவழைக்கிறோம்.

நானாக இருந்தால் வெயிலுக்கு அக்ரிலிக் கேன்வாஸைத்தான் எடுப்பேன். இழையாக நூற்பதற்கு முன்னாலேயே கூழில் நிறத்தைக் கலந்துவிடும் வகை. வெளியே சாயம் ஏற்றிய துணியில் நிறம் தோலில் நிற்கும்; இதில் எலும்பு வரை ஓடியிருக்கும் என்பதால் வெளுப்பதற்கு வெகுநாள் பிடிக்கும். புற ஊதாவுக்குத் தாக்குப் பிடிப்பதில் பாலியஸ்டரைவிட அக்ரிலிக் ஒரு படி மேல். நூல் விஷயத்தில் மட்டும் பருத்தியை விட்டுவிடக் கூடாது. ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. நடுவில் பாலியஸ்டர், வெளியே பருத்தி சுற்றிய நூலால் தைத்தால், மழையில் அந்தப் பருத்தி உப்பி ஊசி ஓட்டையை அடைத்துவிடும். வலுவுக்குப் பாலியஸ்டர், அடைப்புக்குப் பருத்தி.

இனி காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய், ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றை நேராக நம் மேல் ஊதிவிடுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை நட்டவர்களுக்கு அது வரம். தளர்வாகக் கட்டிய கவருக்கு அது வேறு மாதிரி. துணி படபடக்கும்போது அடியில் சிக்கியிருக்கும் மண் துகள் பெயின்டைத் தேய்க்கிறது. நம் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறக்கூடியது. காரின் மேல்பூச்சு எம்மாத்திரம்? கவரின் ஓரத்தில் அடிப்பக்கம் ஃபிளானல் பட்டை வைத்துத் தைப்பதும், மாட்டுவதற்கு முன் அந்த ஓரத்தை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைப்பதும் இதற்காகத்தான்.

ஓட்டும்போது விவகாரம் இன்னும் பெரிது. பாதிக் கவரைப் போட்டுக்கொண்டு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால், எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 45 கிலோ எடைக்குச் சமம். அது முழுதும் துணியைத் தூக்காது, ஒரு பகுதிதான் தூக்கும். மேலே ஓடும் காற்றில் அழுத்தம் குறைவு, அடியில் தேங்கிய காற்றில் அதிகம்; அதனால் துணி மேல்நோக்கி உப்பும். பந்தலில் ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்தால் அடுத்தடுத்த கயிறுக்குப் பாரம் ஏறி எல்லாம் வரிசையாகப் போகுமே, அதேதான் இங்கும். சாதாரண டிச் பட்டன் எந்தப் பக்கம் இழுத்தாலும் கழன்றுவிடும். இதற்காகவே பழைய ரோட்ஸ்டர்களில் ஒரு தந்திரப் பட்டன் வைத்தார்கள். மூன்று பக்கமிருந்து எவ்வளவு இழுத்தாலும் அது விடாது. நான்காவது பக்கத்தைத் தூக்கினால் மட்டும் டக்கென்று கழலும். அந்தப் பக்கம் எப்போதும் கவரின் வெளி ஓரத்தைப் பார்த்திருக்கும்படி வைத்துத் தைக்க வேண்டும். திருப்பி வைத்துவிட்டால் காற்றே அதைக் கழற்றிக் கொடுக்கும்.

கவரைத் தைப்பதைவிட மாட்டுவது கஷ்டம். காந்திபுரம் பக்கம் ஒரு குஷன் கடையில், பழைய இரண்டு சீட்டுக் காருக்கு ரெக்சின் கவர் மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வண்டிக்காரர் அவசரப்பட்டார். கடைக்காரர் துணியை பானெட் மேல் விரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். "ஏனுங்கண்ணா, அரை மணி நேரம் வெயில்ல காயட்டுங்க. சூடேறாத ரெக்சினை இழுத்தா பட்டன்தான் பிச்சுட்டு வரும்." இதில் பாலிமர் அறிவியல் முழுதும் இருக்கிறது. குளிர்ந்த பிவிசியில் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும். சூடானதும் பிடி தளர்ந்து வழுக்கும். துணி நீளும், மடிப்புச் சுருக்கமும் தானாகப் போய்விடும்.

டீ முடிந்து வந்தவர் முதலில் பின்பக்கம் நடுவில் ஒரு பட்டனை அடித்தார். அடுத்து அதற்கு நேர் எதிரே முன்னால் நடுவில். பிறகு இடது, வலது, மறுபடி இடது, வலது என்று நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தார். மூலைகள் கடைசி. ஒரு ஓரத்தில் தொடங்கி வரிசையாகப் போனால் இழுவை முழுதும் கடைசி மூலையில் போய்க் குவியும். ஒவ்வொரு பட்டனுக்கும் இடம் குறிக்க சாக்கட்டியால் துணியில் கோடு போட்டார், உடனே துளைக்கவில்லை. எல்லாக் குறியும் போட்ட பிறகு ஒருமுறை கதவைத் திறந்து மூடிப் பார்த்து இரண்டு குறிகளை மாற்றினார். ஸ்டியரிங் வரும் இடத்தில் துணி தட்டையாக இல்லை. தனியாக ஒரு புடைப்புத் துண்டு வெட்டிச் சேர்த்திருந்தார். அது இல்லாவிட்டால் ஸ்டியரிங் துணியைக் குத்திக்கொண்டு நிற்கும், உராய்ந்து உராய்ந்து ஒரு வருஷத்தில் ஓட்டை விழும். அதே ஸ்டியரிங்தான் கவருக்கு நடுக்கம்பமும். துணி எங்காவது குழிந்தால் மழைநீர் தேங்கும், தேங்கிய நீர் எடையால் துணியை இன்னும் இழுத்துக் குழியை ஆழமாக்கும். சரிவு இருந்தால் தண்ணீர் தங்காது.

பாடியில் துளையிடும்போது பாடி எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். இரும்புத் தகடு என்றால் துளை ஓரத்தில் பிரைமர் தொட்டுவிட்டால் போதும். அலுமினியம் என்றால் பித்தளைப் பட்டனும் அதுவும் மழைநீரில் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரியாகி அலுமினியத்தை அரிக்கும்; நடுவே ஒரு நைலான் வாஷர் தேவை. ஃபைபர் பாடியில் மேலே ஒரு டேப்பை ஒட்டி, டிரில்லை முதலில் தலைகீழாகச் சுற்றவிட்டு மேல்பூச்சைத் தேய்த்த பிறகுதான் துளைக்க வேண்டும். நேராக ஏற்றினால் பூச்சு நட்சத்திரமாகத் தெறிக்கும். இந்தக் காலத்து விலையுயர்ந்த காரில் துளையே கூடாது. எலாஸ்டிக் ஓரம், கதவு இடுக்கில் செருகும் நாடா, துணிக்குள் தைத்த காந்தம் என்று வேறு வழிகள் இருக்கின்றன. அலுமினியத் தகட்டில் காந்தம் ஒட்டாது என்பதை வாங்குவதற்கு முன்னால் நினைத்துக்கொள்வது நல்லது.

திறந்த கார் வாங்கியவர் ஊட்டிக்குப் போகாமல் இருப்பாரா? நாற்பது வருஷத்துத் தமிழ் சினிமா டூயட்டுகள் ஊட்டி ரோட்டை அதற்காகவே அளந்து வைத்திருக்கின்றன. அங்கே வெயில் கணக்கு தலைகீழாகிறது. கோவை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 410 மீட்டர், ஊட்டி 2240. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால் 12 டிகிரி குளிர்ச்சி. கோவை வெயிலில் 60 டிகிரிக்குச் சூடேறி, இழுத்து மாட்டிய ரெக்சின், ஊட்டி விடியலில் 12 டிகிரிக்கு வரும்போது ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறுகப் பார்க்கும். அடியில் ஒட்டியிருக்கும் பருத்தித் துணி பிடித்து இழுப்பதால் முழுதும் குறுகாது. ஆனாலும் காலையில் கடைசிப் பட்டன் எட்டாமல் பல்லைக் காட்டும். அப்போது பலங்கொண்ட மட்டும் இழுக்கக் கூடாது, பட்டன் துணியோடு கிழிந்து கையில் வரும். எஞ்சினை ஓடவிட்டு பானெட் சூட்டில் துணியைப் பத்து நிமிடம் விரித்து வைத்தால் தானாக வழிக்கு வரும். அக்ரிலிக் துணிக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

மலை ஏறும்போது பக்கத்துச் சீட்டை மூடி வைப்பதில் இன்னொரு லாபம் உண்டு. முன்கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று ஓட்டுநருக்குப் பின்னால் சுழன்று, முதுகுப் பக்கமிருந்து முன்னோக்கித் திரும்பி வீசும். திறந்த காரில் போகிறவர்களின் தலைமுடி முகத்தில் வந்து விழுவது இதனால்தான். பக்கத்துக் குழி மூடியிருந்தால் அந்தச் சுழலுக்கு இடம் குறைகிறது, காலுக்குக் கீழே எஞ்சின் சூடும் தங்குகிறது. ரேஸ்காரர்கள் இதை வேகத்துக்காகச் செய்தார்கள். 1955 முதல் 1957 வரை தொடர்ந்து மூன்று முறை லே மான் பந்தயத்தை வென்ற ஜாகுவார் டி-டைப்பில் பக்கத்துச் சீட்டின் மேல் ஒரு மூடி உண்டு. காற்று குழிக்குள் விழுந்து புரளாமல் வழுக்கிப் போவதற்காக.

கழற்றி வைக்கும்போது ரெக்சின் கவரை நான்காக மடித்து டிக்கியில் திணிப்பவர்களைப் பார்க்கிறேன். ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப மடித்தால், சேர்மானம் ஆவியாகிப்போன ரெக்சின் முதலில் அந்தக் கோட்டில்தான் வெடிக்கும். பழைய பிளாஸ்டிக் குழாய் ஒன்றின்மேல் முகப்புப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி வைத்தால் மடிப்பே விழாது. ஈரமாக இருந்தால் சுருட்டவும் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கொடியில் போட்டு, நிழலில் ஒரு பகல் காயவிட்டு எடுத்து வைக்க வேண்டும்.